சேமிக்க முடியாமல் போன மழை வரைபடம்

“மிஸ், சேவ் ஆக மாட்டேங்குது.”

என் வேலைக்காலம் முழுவதும் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான். தோட்ட அலுவலகங்களிலிருந்து அழைக்கும் எழுதுவினைஞர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்களும் முதல் வாரத்திலேயே கேட்டிருப்பீர்கள். பிழையை எப்படிச் சரிசெய்வது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தியை அப்படியே இணையத்தில் தட்டினால் பத்துப் பதில் வருகிற காலம் இது. அந்த வாக்கியத்தைக் கேட்டு நான் ஒருமுறை தவறாக நடந்துகொண்டேன். அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

ஹட்டனில் இருந்த ஒரு தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் கணினிப் பிரிவை நான் பார்த்துக்கொண்டேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நானும் இரண்டு கணினிகளும் ஒரு தொலைபேசியும்தான். அக்கரப்பத்தனைப் பக்கம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயத்தில் பிறந்து, அந்த மேசைக்கு வந்து சேர்ந்தவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. தோட்ட அலுவலகப் பிள்ளைகள் எனக்கு ‘எரர் மிஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டும் கேட்காதது போல இருப்பேன். உள்ளுக்குள் பிடித்திருந்தது. பிழைச் செய்தி ஒன்று வந்துவிட்டால் அதை அவிழ்க்கும் வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் கம்பனித் தோட்டங்களில் ஒன்று வட்டவளைக்குக் கீழே இருந்தது. மழைக்குப் பேர்போன இடம். அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் இருபது வீடுகள் கொண்ட ஒரு லயம், செங்குத்தான சரிவின் அடியில் நின்றது. மண்சரிவைப் பற்றி ஆராயும் அரசாங்க அலுவலர்கள் வந்து பார்த்துவிட்டு, அந்தச் சரிவை நம்ப முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். மழைக்கு மூன்று அளவுகளும் சொன்னார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் எழுபத்தைந்து மில்லிமீற்றர் பெய்தால் கவனமாக இருங்கள், நூறு என்றால் தயாராக நில்லுங்கள், நூற்றைம்பது என்றால் ஆட்களை வெளியேற்றுங்கள். வேறு வீடுகள் கட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதுவரை மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தோட்ட முகாமையாளர், ஆட்கள் ‘தொரை’ என்று சொல்பவர், என்னிடம் ஒரு வரைபடம் கேட்டார். எண்ணைப் பார்த்தால் யாருக்கும் உறைக்காது, ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்றார். விரிதாளில் செய்து கொடுத்தேன். நாளுக்கு ஒரு நீலத் தூண். குறுக்கே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். தூண் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும். எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. மற்றத் தோட்டங்களும் கேட்டன. ஆகவே அதை ஓர் அச்சாகச் சேமித்து வைத்தேன். மாதம் பிறந்ததும் புதிய தாளில் எண்களைப் போட்டு அந்த அச்சைத் தெரிவு செய்தால், நிறமும் கோடும் அளவும் தாமாக வந்து உட்காரும்.

அப்போது இரண்டு முடிவுகள் எடுத்தேன். இரண்டும் நல்ல முடிவுகள் என்றுதான் நினைத்தேன்.

அச்சு ஒவ்வொரு கணினியிலும் தனியாக இருந்தால் ஆளுக்கு ஆள் மாற்றிக் கெடுத்துவிடுவார்கள் என்று, அதையும் மழைத் தாள்களையும் கொழும்புத் தலைமை அலுவலகக் கணினியில் ஒரு பொதுக் கோப்புறையில் வைத்தேன். இது முதலாவது. அடை மழை பெய்தால் எங்கள் பக்கத்தில் இணையம் அறுந்துவிடும் என்பது மலையில் பிறந்த எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். மழைக் கோப்பு தேவைப்படுகிற நேரமும் இணையம் அறுகிற நேரமும் ஒன்றுதான் என்று மட்டும் யோசிக்கவில்லை.

இரண்டாவது, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். சிலர் ஓர் எண்ணைத் திருத்தும்போது பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்துவிடுவார்கள், வரைபடம் குழம்பிப் போகும். அதனால் பயிற்சியில் கண்டிப்பாகச் சொன்னேன்: “ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெட்டி தான். புது நம்பர் வந்தா பழசுக்கு மேல அடிங்க.” எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஒரு மாதத்தின் முதல் நாள். முந்தின நாள் மாலையில் தொடங்கிய மழை விடிந்தும் விடவில்லை. ஹட்டனில் எங்கள் அலுவலகத்துக்கு முன்னால் வீதி தெரியாத அளவுக்குப் பனிப்புகார். தலைமை அலுவலகத்துடன் தொடர்பு காலையிலிருந்தே இல்லை. கைபேசிகள் மட்டும் வேலை செய்தன. பத்தே முக்கால் இருக்கும், வட்டவளைத் தோட்டத்திலிருந்து தேவிகா அழைத்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன எழுதுவினைஞர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை.

“மிஸ், சேவ் ஆக மாட்டேங்குது. தொரை நுவரெலியாவுல மீட்டிங்ல இருக்காரு. மழை சார்ட்ட உடனே போனுக்கு அனுப்பச் சொல்றாரு. இன்னைக்கு ஒன்னாந் தேதிங்க, புது ஷீட் தொறந்தேன். நம்ம அச்சு லிஸ்ட்லயே இல்ல.”

அச்சு இல்லை என்றதும் எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. இதுவரை பார்க்காத பிழை.

“பதறாதீங்க தேவிகா. கையால செஞ்சிடலாம். நான் சொல்லச் சொல்ல செய்யுங்க. இன்னைக்கு மழை எவ்வளவு?”

“அறுபத்தெட்டு, மிஸ்.”

தூணை வரையச் சொன்னேன். கோடுகளை ஒவ்வொன்றாகப் போட வைத்தேன். அவள் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு செய்தாள்.

“வந்திருச்சு மிஸ். அப்படியே நம்ம சார்ட் மாதிரியே இருக்கு.”

“தூண் எங்க நிக்குது?”

“மஞ்சக் கோட்டுக்குக் கீழதாங்க.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. மழை இப்படிக் கொட்டியும் மஞ்சளைக்கூடத் தொடவில்லை. இனி அவசரமில்லை என்று மனம் முடிவு கட்டிவிட்டது. மிச்சம் இருந்தது சேமிப்பது மட்டும். சேமிக்கும்போது பிழைச் செய்தி வந்தது. அவள் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும். கோப்பின் பெயரில் திகதியைச் சாய்கோடு போட்டு எழுதியிருந்தாள், எடுக்கச் சொன்னேன். மறுபடி அதே செய்தி. இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். வேறு யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா, பெயர் நீளமாக இருக்கிறதா, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் என்ன. அணைத்ததில் வரைபடம் போய்விட்டது. திரும்பவும் முதலிலிருந்து வரைந்தோம். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் எனக்கு நன்றாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளியே மழை, உள்ளே ஒரு புதிர், அதைப் பிடித்துக்கொண்டு நான்.

கடைசியில் அவளைச் சேமிக்கும் பாதையை முழுமையாக வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிட்டது. கோப்பு கொழும்புக்குப் போகப் பார்க்கிறது. கொழும்புக்கு வழி இல்லை என்பது காலையிலிருந்தே எனக்குத் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அச்சு பட்டியலில் இல்லாததும் அதனால்தான்.

“கண்டுபிடிச்சிட்டேன்,” என்றேன். “உங்க கம்பியூட்டர்லயே டெஸ்க்டொப்ல சேவ் பண்ணுங்க.”

அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“பிள்ள, அந்தப் படம் முடிஞ்சிருச்சா? நான் ஒன்னு சொல்லணும்.”

“யாரு அது?” என்றேன்.

“லெட்சுமி அக்கா மிஸ். ஆபீஸ் கூட்டுறவங்க. மழை அளக்கிறதும் அவங்க தான்.”

அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அலுவலக முற்றத்தில் இருந்த மழைமானியைத் தினமும் அளந்து எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதைக்கூட நான் யோசித்ததில்லை. எனக்கு எண் கட்டத்தில் வந்து விழும், அவ்வளவுதான். அன்று ஏன் அப்படிக் கேட்டேனோ, “போன அவங்ககிட்ட குடுங்க,” என்றேன். புதிர் அவிழ்ந்த மகிழ்ச்சியில் தாராளமாக இருந்தேன் போலும்.

“சொல்லுங்க அக்கா.”

“ஒன்னுமில்ல மிஸ். காலையில ஆறரைக்கு வந்து பாத்தேன், மானி நெறஞ்சு கெடந்துச்சு. அளந்து கொப்பியில எழுதிட்டு ஊத்திட்டேன். மழை விடலைனு பத்தரைக்கு மறுபடி போனேன். அதையும் அளந்து எழுதியிருக்கேன். பிள்ளை பெட்டியில ஒன்னு தான் போட்டிருக்கு. ரெண்டும் ஒரே மழை தானேங்க?”

“காலையில எவ்வளவு?”

“தொண்ணூத்திரெண்டு.”

தொண்ணூற்றிரண்டும் அறுபத்தெட்டும். கூட்டுவதற்குக் கணினி தேவையில்லை. நூற்று அறுபது. சிவப்புக் கோட்டுக்கு மேலே.

தேவிகா காலையில் தொண்ணூற்றிரண்டைப் போட்டிருந்தாள். பத்தரைக்குப் புது எண் வந்ததும், நான் சொன்னபடி, பழசுக்கு மேல் அடித்துவிட்டாள். வெப்பமானி மாதிரி, கடைசியாகப் பார்த்ததுதான் இப்போதைய நிலைமை என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்கும்படி கட்டத்தை அமைத்தவள் நான்.

“வேற ஏதாச்சும் பாத்தீங்களா அக்கா?”

“எங்க லயத்துக்குப் பின்னால ஒரு பீலி இருக்குங்க, மலையில இருந்து தண்ணி வர்றது. நான் வேலைக்கு வர்றப்ப தண்ணி நின்னு போயிருந்துச்சு. இவ்வளவு மழையில ஏன் நிக்குதுனு நெனச்சேன். இப்ப எம் மக போன் பண்ணி, செம்மண்ணா கலங்கி வருதுனு சொன்னா.”

“எப்ப சொன்னா?”

“பிள்ளை உங்களுக்குப் போன் எடுத்த நேரம் தான். சொல்லலாம்னு வந்து நின்னேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீங்க.”

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். “மகளை அக்கம்பக்கத்து ஆளுங்களோட வெளிய வந்து நிக்கச் சொல்லுங்க, நான் தொரைக்குச் சொல்றேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். உடனே முகாமையாளரை அழைத்தேன்.

முகாமையாளர் சிங்களவர். அவரோடு நான் எப்போதும் சிங்களத்தில்தான் பேசுவேன். கூட்ட அறையிலிருந்து வெளியே வந்து பேசினார்.

“வரைபடம் எங்கே?”

“வரைபடம் இல்லை, சேர். மழை நூற்று அறுபது. லயத்தைக் காலி பண்ண வேண்டும்.”

“காலையில் தொண்ணூற்றிரண்டு என்றார்கள். பிறகு அறுபத்தெட்டு என்று அந்தப் பிள்ளை சொன்னாள். குறைந்துகொண்டு வருகிறது என்றுதானே நான் இங்கே சொல்லியிருக்கிறேன்.”

“குறையவில்லை, சேர். இரண்டையும் கூட்ட வேண்டும்.”

அவருடைய சங்கடம் எனக்குத் தெரியும். முந்தின வருடம் இதே லயத்து ஆட்களை வெளியேற்றி, ஒன்றும் நடக்காமல், வேலை கெட்டதற்கு மேலிடத்தில் பதில் சொல்லவேண்டி வந்தது. ஆட்களும் முணுமுணுத்தார்கள். அதற்குப் பிறகுதான் கையில் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று வரைபடம் கேட்டார்.

“படத்தை அனுப்புங்கள். பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

பத்து நிமிடத்தில் அனுப்பியிருக்கலாம்தான். பிழைக்கு மருந்து இப்போது எனக்குத் தெரியும். தேவிகாவை எண்ணைத் திருத்தச் சொல்லி, படத்தைக் கணினியிலேயே சேமிக்கச் சொல்லி, கைபேசியில் படம்பிடித்து அனுப்பச் சொன்னால் முடிந்தது. நான் அதைச் செய்யப் போனேன் என்றுகூடச் சொல்லலாம், வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். லெட்சுமி அக்கா மறுபடி பக்கத்தில் நிற்பார்.

“சேர், தாள் பிழை. நான் செய்த தாள். ஒரு நாளுக்கு ஒரு கட்டம்தான் வைத்தேன், மேலே அடிக்கச் சொன்னதும் நான்தான். அந்தப் பிள்ளை மேல் பிழை இல்லை. கொப்பியில் இரண்டு எண்ணும் இருக்கிறது. பீலித் தண்ணீர் நின்றுபோய், இப்போது சேறாக வருகிறதாம். படத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.”

“நாளைக்குக் கேட்டால் இதை எழுத்தில் தருவீர்களா?”

“இப்போதே தருகிறேன்.”

குறுஞ்செய்தியாக மூன்று வரி அனுப்பினேன். இன்றைய மழை 92, 68, மொத்தம் 160. முன்பு சொன்ன எண் என் தாளின் பிழையால் தவறானது. லயத்து ஆட்களை உடனே வெளியேற்றும்படி கேட்கிறேன். கீழே என் பெயர். அனுப்பிவிட்டு நேரத்தைப் பார்த்தேன், பதினொன்று முப்பத்தெட்டு. அடுத்த நிமிடமே அவரிடமிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. சரி.

அவர் தோட்டத்தில் இருந்த கண்டாக்கையாவுக்குப் பேசினார். மலைவேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர் அவர்தான். தேவிகாவும் லெட்சுமி அக்காவும் அவரோடு லயத்துக்குப் போனார்கள். பின்னால் தேவிகா சொல்லித்தான் அங்கே நடந்தது எனக்குத் தெரியும். சிலர் உடனே வந்தார்கள். சிலர், போன வருடமும் இப்படித்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கதவை விட்டு நகரவில்லை. சோறு அடுப்பில் இருக்கிறது, வடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். லெட்சுமி அக்கா ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

“நான் தான் அளந்தேன். ரெண்டு தடவ ஊத்துனேன். வாங்க.”

அவர் அளந்தது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று வந்தார்கள். இருபது வீட்டு ஆட்களும் தோட்டத்துப் பாடசாலைக்குப் போய்ச் சேர ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. கடைசியாக வந்தவர் லெட்சுமி அக்கா.

சரிவு மூன்று மணிக்குச் சற்று முன்னால் இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லையாம். மரங்கள் முறிகிற சத்தம் மட்டும் கேட்டு, பிறகு மழைச் சத்தம். லயத்தின் கடைசி ஐந்து வீடுகளை மண் மூடிவிட்டது. உள்ளே யாரும் இல்லை.

தேவிகா எனக்கு அழைத்தபோது நான்கு மணி. சேதி சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் வைக்காமல் இருந்தாள்.

“மிஸ், நான் வேலைய விட்டுடுறேங்க.”

“ஏன்?”

“மேல அடிச்சது நான் தானே.”

“அடிக்கச் சொன்னது நான். நீங்க விட்டா நானும் விடணும். ரெண்டு பேரும் போயிட்டா அந்தப் பெட்டிய யாரு சரிபண்றது?”

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்குக் கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

இணையம் இரண்டு நாள் கழித்து வந்தது. அறிக்கைக்கு வரைபடம் வேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டது. அச்சைத் தெரிவு செய்து, சரியான எண்ணைப் போட்டேன். நீலத் தூண் சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே போய் நின்றது. எத்தனை தெளிவாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரே தடவையில் சேமித்துக்கொண்டது. தேவைப்பட்ட காலையில் அது யார் கண்ணிலும் படவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அறிக்கையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர், என்மேல் அக்கறை உள்ளவர். இணையத் தடங்கல் என்று எழுதினால் போதும், உயிர்ச் சேதம் இல்லாதபோது கட்டம், தாள் என்றெல்லாம் எதற்கு என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை, இணையம் இல்லாமல்தான் இருந்தது. ஆனால் மற்றத் தோட்டங்களிலும் அதே தாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் சரிவுகள் உண்டு, அங்கேயும் ஒரு நாளுக்கு ஒரே கட்டம். நான் எழுதாமல் விட்டால் அது அப்படியே இருக்கும். இரண்டு பிழைகளையும் என் பெயரிலேயே எழுதினேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைக் கிழித்துப் போடவில்லை, வீட்டில் இருக்கிறது. தாளை எல்லாத் தோட்டங்களிலும் மாற்ற அனுமதியும் அதே வாரத்தில் வந்தது.

அதற்குப் பிறகுதான் வட்டவளைக்குப் போனேன். லெட்சுமி அக்காவை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணியோடு பாடசாலை வாசலில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய வீடு கடைசியிலிருந்து இரண்டாவது. மண்ணுக்கு அடியில் போயிருந்தது.

“என்னென்ன போச்சு அக்கா?” என்று கேட்டேன்.

“சட்டி பானை போனா வாங்கிக்கலாங்க. பிள்ளைங்க ரெண்டு பேரோட பொறப்புச் சர்டிபிகேட், பெரியவளோட பரீட்சைச் சர்டிபிகேட், என்னோட ஐடென்டி. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுல வெச்சிருந்தேன்.”

“எடுத்துட்டு வர நேரமில்லையா?”

“ஒவ்வொரு வாசலா போனதுல என் வீட்டுக்குப் போக முடியல. மகளும் பக்கத்து வீட்டுக் கெழவிய தூக்கிக்கிட்டு வந்துட்டா.”

கடதாசி இல்லாமல் நம் ஆட்கள் எந்த அரசாங்க அலுவலகக் கருமபீடத்தின் முன்னால் நின்றாலும் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நான் மனதில் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலிலிருந்து நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம் இருந்திருந்தால் அந்த டின் வெளியே வந்திருக்கும். அதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கொங்காணியைச் சரிசெய்தார்.

“ஆமாங்க,” என்றார். “நேரம் இருந்திருக்கும்.”

ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக நான் அவரை இன்னும் மதிக்கிறேன்.

அதன்பிறகு எனக்குக் கிடைத்த விடுமுறை நாட்களில் அவரோடு பிரதேச செயலகத்துக்குப் போனேன். படிவங்களை நான் நிரப்பினேன். பேச்சு அவருடையது. அவருடைய சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எந்த அறையில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை இரண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டார். பிறப்புச் சான்றிதழ்கள் முதலில் வந்தன. பரீட்சைச் சான்றிதழுக்கு நான்கு மாதம் அலைந்தோம். வந்த அன்று அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டார். பெரியவள் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது.

புதிய தாளைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க எல்லாத் தோட்ட எழுதுவினைஞர்களையும் ஹட்டனுக்கு அழைத்தோம். இப்போது நீங்கள் பயன்படுத்தும் தாள் அதுதான். ஒரு நாளுக்கு எத்தனை அளவு வேண்டுமானாலும் போடலாம், கடைசி இருபத்துநான்கு மணி நேரத்தை அதுவே கூட்டிக்கொள்ளும். அச்சும் கோப்பும் உங்கள் கணினியிலேயே இருக்கும், இணையம் வரும்போது ஒரு பிரதி கொழும்புக்குப் போகும். அதையெல்லாம் தேவிகாவே விளக்கினாள். வேலையை விடவில்லை அவள். இன்று உங்களில் சிலருக்கு மேலதிகாரி.

லெட்சுமி அக்காவையும் அழைத்திருந்தேன். முன்வரிசையில் உட்கார வைத்து, கடைசியில் ஏதாவது சொல்லும்படி கேட்டேன். தனக்குக் கம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது என்று மறுத்தார். நான் விடவில்லை. எழுந்து, வந்திருந்த முப்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். எல்லோரும் அவர் பிள்ளைகள் வயது. பேச்சைத் தேடுவது போல முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“நான் வந்து பக்கத்துல நின்னா,” என்றார், “ஒருக்கா நிமிந்து பாருங்க. அவ்வளவு தாங்க.”

உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் நடத்துவதற்கு நான் இரண்டு பக்கம் குறிப்பு வைத்திருந்தேன். மடித்து வைத்துவிட்டு எல்லோரையும் தேநீருக்கு அனுப்பினேன்.